எங்கள் பெண் பாடியபோது

வெள்ளிக்கிழமை மதியம், சாரத்தின் மேல் நின்று இரண்டாம் பூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது பெசிமுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பாதான். கரணையைச் சாந்துச் சட்டியில் குத்தி நிறுத்திவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். அல்பேனிய மொழியில் பேச வேண்டி வந்தால் சுவரைப் பார்த்துத்தான் பேசுவான். ஈரப் பூச்சு குரலைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"மகனே, நாளைக்கு நம்ம பொண்ணு பாடுது. தெரியுமில்ல?"

"தெரியும்பா."

"ஐரோப்பா பூரா பாக்குமாம். நம்ம நாடு இந்தப் பாட்டுப் போட்டிக்குப் போறது இதான் முதல் தடவை. இங்கேருந்து போன்ல ஓட்டுப் போடலாம்னு பாத்தா, சொந்த நாட்டுக்குச் சொந்த நாட்டுக்காரன் போடக் கூடாதாம். என்ன சட்டமோ! பெத்த பிள்ளைக்குப் பெத்தவன் கைதட்டக் கூடாதுன்னா எப்படி? வெளியில இருக்கிற நீங்கதான் போடணும். காப்பிக்கடைல உக்காந்து பாத்தோம், யார் பையன் எங்க இருக்கான்னு. பாதிப் பேர் இத்தாலில இருக்கானுங்க, அந்த இத்தாலி இந்தப் போட்டியிலயே இல்லையாம். கிரீஸைத்தான் நம்பி இருக்கோம். போடுவேல்ல?"

"போடறேன்பா."

"ஒரு தடவை இல்லடா. விரல் தேயற வரைக்கும் போடு."

கீழேயிருந்து மேஸ்திரி ஸ்தாதிஸ் அண்ணாந்து பார்த்தார். "வசீலி! சாந்து காயுது. யாருடா போன்ல?"

"வீட்டுல மேஸ்திரி," என்று கிரேக்கத்தில் பதில் சொல்லிவிட்டுப் பெசிம் போனை வைத்தான்.

கிரீஸின் வோலோஸ் நகரத்தில் அவனுக்கு வசீலிஸ் என்று பேர். மலை வழியாக எல்லையைத் தாண்டி வந்த முதல் வருஷத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று, பெசிம் என்று சொன்னதும் கேட்கிறவர் முகம் எப்படி மாறுகிறது என்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வாள். வாடகைக்கு வீடு கேட்டால், நேற்றுத்தான் போயிற்று என்பார்கள். கூட வந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பேரை மாற்றிக்கொண்டு கோஸ்தாஸும் யோர்கோஸுமாக ஆனார்கள். பெசிம் இன்னும் ஒரு படி மேலே போனான். தான் அல்பேனியனே இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் காலங்காலமாகக் கிரேக்கம் பேசும் ஊரில் பிறந்த கிரேக்கன் என்று சொன்னான். மேஸ்திரி ஸ்தாதிஸ் தலையாட்டினார். கிரேக்கன்தானே, ஞானஸ்நானம் வாங்கிக்கொள் என்றார். அவரே ஞானத்தகப்பனாகப் பக்கத்தில் நின்றார். அல்பேனியாவில், கிராம்ஷ் மலையில் காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்து சீட்டாடும் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது யாரோ அல்பேனியர்களைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தவன் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் நம் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள் என்று பெசிமுக்கு எப்படியோ தோன்றியது. எழுந்து நின்றான். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினான். உடைந்த கிரேக்கத்தில், "மேஸ்திரி, நான் வேலை இருக்கு? நான் சுவர் பூசு. கூலி கொஞ்சம், ரொட்டி நிறைய," என்றான். குழாய் வேலைக்காரர் குடித்த தண்ணீர் புரையேறும்வரை சிரித்தார். பெசிம் நடித்துக் காட்டிய அந்த அல்பேனியனுக்கு ராப்போ என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மேஸ்திரி கூப்பிடுவார்: "வசீலி, ராப்போவை வரச் சொல்லுடா." ராப்போ வருவான்.

பெசிமின் மனைவி த்ரித்தாவுக்கு ராப்போவைத் தெரியாது. அவள் வந்ததே பின்னால்தான்.

சனிக்கிழமை மேஸ்திரி வீட்டு முற்றத்தில் எல்லாருமாகப் பாட்டுப் போட்டி பார்ப்பதாக ஏற்பாடு. த்ரித்தா மதியத்திலிருந்தே மாவு இழுத்து, வெங்காயத்தாள் வைத்துப் பெரிய வட்டமாக அவர்கள் ஊர்ப் பணியாரம் ஒன்று சுட்டிருந்தாள். கிளம்பும்போது கேட்டாள்: "போன்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்கு."

"அங்கயே போட்டுடுவியா?"

"நடுவுல தெருப் பக்கம் போய்ப் போட்டுட்டு வந்துடறேன். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாமப் போடறதுக்கு இது என்ன திருட்டா?"

பெசிம் பணியாரத் தட்டைத் துணியால் மூடினான்.

மேஸ்திரி தொலைக்காட்சிப் பெட்டியை ஜன்னல் வழியாக வயர் இழுத்துக் கொண்டுவந்து திராட்சைப் பந்தலடியில் மேஜைமேல் வைத்திருந்தார். அவர் மனைவி லெமோனியா சோம்பு போட்ட சாராயத்தைச் சின்னக் கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மீன்கடை பனாகோஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். த்ரித்தா நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். கணவாய் மீனைப் பொரிக்கிற வேலையை லெமோனியா அவளிடம் விட்டிருந்தாள்.

கிரீஸின் பாட்டு வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெசிமும் தட்டினான், கொஞ்சம் கூடுதலாகவே. மற்ற நாடுகளுக்கு ஆளாளுக்கு ஒரு சொல். "இந்தாளு ஜன்னல் திரையைக் கிழிச்சுச் சட்டை தச்சிருக்கான்," என்றார் பனாகோஸ். "இவ பாடறதைப் பாத்தா யாரோ காலை மிதிச்ச மாதிரி இருக்கு," என்றாள் லெமோனியா. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் திரையில் அல்பேனியாவின் சிவப்புக் கொடி வந்தது.

"லெமோனியா!" என்று கத்தினார் பனாகோஸ். "கோழிக்கூட்டைப் பூட்டு! வந்துட்டானுங்க!"

சிரிப்பு எழுந்தது. மற்றவர்களுக்கு அரை நொடி முன்னாலேயே பெசிம் சிரித்துவிட்டான்.

"டேய் வசீலி," என்றார் மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ராப்போ எங்கடா? அவன் ஊர்ப் பொண்ணு பாடப்போகுது. அவன் வரலைன்னா எப்படி?"

பெசிம் அடுப்படிக் கதவைப் பார்த்தான். உள்ளே எண்ணெய் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்காது. எழுந்தான். பனாகோஸின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போய், எல்லாருக்கும் தெரியும்படி தொலைக்காட்சிக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டி நின்றான். தொப்பியை நெஞ்சில் வைத்து முழங்காலை மடக்கினான்.

"மேஸ்திரி, மேஸ்திரி. அந்தப் பொண்ணு என் அத்தை பொண்ணு. மலை மேல நடந்து வந்து. செருப்பு போச்சு, பாட்டு மட்டும் இருக்கு."

பனாகோஸ் மேஜையைத் தட்டினார்.

"நாங்க பாட்டு பூசு. ரெண்டு பூச்சு. கூலி கொஞ்சம். அந்த மைக்கு? மைக்கு நாங்க எடுக்கலை மேஸ்திரி. அது தானா பையில விழுந்து!"

மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு பெசிமின் உடம்பில் ஒரு வாய்ச் சாராயம் போல இறங்கியது. அவனுக்குப் பின்னால் பாட்டு தொடங்கியிருந்தது. அவன் திரும்பவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது எதிரில் இருந்த முகங்களை மட்டும்தான்.

அந்த முகங்களில் சிரிப்பு இறங்க ஆரம்பித்தது. முதலில் லெமோனியாவின் வாய் மூடியது. அப்புறம் மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார். தான் சொன்னது சுவையாக இல்லை போலிருக்கிறது என்று பெசிம் நினைத்தான். குரலை உயர்த்தினான். "மேஸ்திரி, நாங்க ஜெயிச்சா கோப்பை வேண்டாம், ஒரு கோழி..."

"ஷ்!" என்றாள் லெமோனியா. "வசீலி, உக்காரு. பாடட்டும்."

அவன் நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "ஒரு கோழி, ரெண்டு முட்டை..."

"மறைக்காதடா!" என்றார் பனாகோஸ். "தள்ளு. அந்தப் பொண்ணு என்னமாப் பாடுது."

பெசிம் விலகினான். அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். இருபது வயதுகூட ஆகியிருக்காத பெண். அவ்வளவு பெரிய மேடையில் ஒண்டியாக, தூணைப் பிடித்துக்கொள்ளாமல் நிற்கும் பிள்ளை போல நின்றிருந்தாள். அவள் குரல் ஏறியது. தேர்ந்த கை கரணையைச் சுவரின் ஒரு மூலையில் வைத்தால் அடுத்த மூலைவரை எடுக்காமல் ஒரே இழுப்பில் கொண்டுபோகுமே, அப்படி ஏறியது. எங்கும் ஒட்டுத் தெரியவில்லை.

அடுப்படி வாசலில் த்ரித்தா நின்றிருந்தாள். கையில் கணவாய்த் தட்டு. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் பெசிமைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் பனாகோஸ்தான் முதலில் கைதட்டினார். பெசிம் அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேஸ்திரி கிளாஸை உயர்த்தினார். "வசீலி, வாழ்த்துடா. உங்க பொண்ணு அசத்திட்டா."

"எங்க பொண்ணா? எனக்கு நம்ம கிரீஸ் பாட்டுதான் மேஸ்திரி..."

"அட, விடுடா." அவர் குரலில் கோபமில்லை. தோளில் கை போடுவது போல இருந்தது. "நீ எந்த ஊரு, என்னன்னு எனக்குத் தெரியாதா? ஞானஸ்நானத்துக்குப் போனப்பவே சாமியார் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'ஸ்தாதிஸ், இவன் கிரேக்கன் இல்லையே'ன்னார். 'பிழைக்க வந்தவன், விடுங்க சாமி'ன்னேன். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"குழாய்க்காரன் வரைக்கும் தெரியும். அதனாலதானே ராப்போவுக்கு அவ்வளவு சிரிப்பு! வேற எவனாவது பேசினா நடிப்பு. நீ பேசினா அசல்." மேஸ்திரி சிரித்துக்கொண்டே அவன் கிளாஸில் சாராயம் ஊற்றினார். அவர் அன்பாகத்தான் சொன்னார்.

பெசிமின் காது மடல்கள் எரிந்தன. இத்தனை வருஷமும் இவர்கள் ராப்போவைப் பார்த்துச் சிரித்ததாக அவன் நினைத்திருந்தான். மதியச் சாப்பாடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சுண்ணாம்புத் தூசியில் தொப்பியோடு தான் நின்ற நிலையும், வட்டமாக உட்கார்ந்து பார்த்த கண்களும். சாக்கு மூட்டை தூக்கி உடம்பு வலித்த நாட்களில்கூட எழுந்து நின்று ஆடியிருக்கிறான்.

எல்லாப் பாட்டும் முடிந்து ஓட்டுப் போடும் நேரம் வந்தது. திரையில் எண்கள் ஓடின. மேஸ்திரி தன் போனை எடுத்துப் பெசிமிடம் நீட்டினார். "இந்தா, என் போன்லயே போடு. உங்க பொண்ணுக்கு."

இப்போதாவது வாங்கியிருக்கலாம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் பழகிய வாய் பழகிய வழியிலேயே போயிற்று.

"நான் கிரீஸுக்குத்தான் போடுவேன் மேஸ்திரி."

பனாகோஸ் நாற்காலியோடு ஆடிச் சிரித்தார். "அட முட்டாளே! கிரீஸ்ல உக்காந்துக்கிட்டு கிரீஸுக்குப் போட முடியாதுடா! சொந்த நாட்டுக்குப் போடக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க!"

அது ராப்போவுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு.

த்ரித்தா கணவாய்த் தட்டை மேஜைமேல் வைத்தாள். எண்ணெய்க் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்து, மேஸ்திரியின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். "நான் போடறேன்," என்றாள் அவளுக்குத் தெரிந்த கிரேக்கத்தில். திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். லெமோனியா எழுந்து வந்து அவள் தோளருகே நின்றாள். "கொடு, என் போன்லயும் போடலாம்," என்றாள். இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்து நின்று அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

ஒவ்வொரு நாடும் போட்ட புள்ளிகள் வாசிக்கப்பட்டபோது கிரீஸின் முறை வந்தது. அல்பேனியாவுக்குப் பெரிய எண் விழுந்தது. லெமோனியா த்ரித்தாவைக் கட்டிக்கொண்டாள். மேஸ்திரி விசிலடித்தார். பெசிம் கைதட்டினான். அந்தக் கைத்தட்டல் அவனுக்கே கடன் வாங்கியது போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது துறைமுகத் தெரு முடியும்வரை த்ரித்தா முன்னால் நடந்தாள். காலித் தட்டு அவள் இடுப்பில் இருந்தது. மீன்பிடி வலைகள் குவித்திருந்த இடத்தில் நின்றாள்.

"அந்த ராப்போ யாரு?"

"சும்மா. வேடிக்கைக்கு."

"தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு நிக்கறது எங்க நஸ்மி அண்ணன்தானே?"

நஸ்மி அவள் அண்ணன். முதல் இரண்டு வருஷம் பெசிமோடு ஒரே சாரத்தில் வேலை செய்தவன். கடைசிவரை பேரை மாற்றிக்கொள்ளாதவன். ஒருநாள் போலீஸ் பஸ்ஸில் ஏற்றி எல்லையில் இறக்கிவிட்டார்கள். யாரிடம் பேசினாலும் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவான். அது பயமில்லை, மரியாதை. அவர்கள் ஊர்ப் பழக்கம்.

"இல்ல," என்றான் பெசிம்.

"சரி," என்றாள் அவள். தட்டை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கூப்பிட்டார். அவருடைய குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும். அன்று காப்பிக்கடை வேறு பின்னால் இரைந்துகொண்டிருந்தது. த்ரித்தா மேஜையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"பெசிம்! பாத்தியாடா, கிரீஸ் போட்ட புள்ளியை! இங்க கடை கூரை பறந்துடுச்சு. எல்லாரும் என் முதுகுலதான் தட்டினானுங்க, 'உன் பையன் போட்டது'ன்னு. எத்தனை தடவைடா போட்டே?"

பெசிம் சுவர்ப் பக்கம் திரும்பப் போனான். பிறகு திரும்பாமல் நின்றான்.

"நான் போடலைப்பா. த்ரித்தாதான் போட்டா."

"அவ போட்டா என்ன, நீ போட்டா என்ன? ஒரே வீடுதானே!" அப்பா சிரித்தார். அப்புறம் கடையின் இரைச்சலிலிருந்து தள்ளி வந்தார் போலிருந்தது. குரல் தணிந்தது. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அது பாடறப்ப அங்க அவங்க சிரிச்சாங்களா? இங்க நாங்க கைதட்டினோமே தவிர, எனக்கு உள்ளுக்குள்ள அதான் பயம். சின்னப் பொண்ணு. முதல் தடவை போயிருக்கு. யாராவது கேலி பண்ணிட்டா?"

"முதல்ல சிரிச்சாங்கப்பா. பாட ஆரம்பிச்சதும் அமைதியாயிட்டாங்க."

"எல்லாருமா?"

த்ரித்தாவின் கத்தி ரொட்டியின் நடுவில் நின்றது.

"ஒருத்தன் தவிர," என்றான் பெசிம். "அவன் மட்டும் கடைசி வரைக்கும் கேலி பேசிக்கிட்டு நின்னான்."

"எவன் அவன்?"

"வசீலின்னு ஒருத்தன். பூச்சு வேலைக்காரன்."

"கிரேக்கனா?"

"அப்படித்தான் சொல்லிக்கறான்."

"அவன் வாயில மண்ணு விழ. யாரும் அதட்டலையா?"

"வீட்டுக்கார அம்மா அதட்டினாங்க."

"நல்ல பொம்பளை. நான் கேட்டேன்னு சொல்லு." அப்பா மூச்சு விட்டார். "அந்த வசீலி உன்கூடத்தான் வேலை செய்யறானா?"

"ஆமாப்பா. தினமும்."

"சண்டைக்குப் போயிடாதே. பிழைக்கப் போன இடம். நாலு வார்த்தை பேசினாலும் பதிலுக்கு ஒண்ணும் சொல்லாதே. ஆனா ஒண்ணு, அவன்கூட ஒரே தட்டுல உக்காந்து சாப்பிடாதே. கேட்டுச்சா?"

"சரிப்பா."

போனை வைத்த பிறகும் பெசிம் நின்ற இடத்திலேயே நின்றான். த்ரித்தா அறுத்த ரொட்டியை இரண்டு தட்டில் வைத்தாள். ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னொன்றை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டு, அவனைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தாள்.